முட்டு யாருக்கு: வீட்டுக்கா, பெட்டிக்கா?

கேள்வி: 2024 செப்டம்பர் 3

வீடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில். 1985இல் அப்பா கட்டியது. முன்பக்கப் போர்ட்டிகோ பீமின் அடியில் கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. உதிர்வதை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, அடியில் பலகை கட்டி மைக்ரோ கான்கிரீட் (தானே ஓடி நிரம்பும் பழுதுவேலைக் கலவை) ஊற்ற வேண்டும் என்கிறார்கள். தோட்டத்தில் வெட்டிப் போட்ட ரப்பர் மரம் இருக்கிறது. சவுக்குக் கம்பும் கொஞ்சம் கிடக்கிறது. முட்டுக்கு அது போதாதா? ஜாக்கி, அதாவது திருகி உயரம் கூட்டுகிற இரும்புக் குழாய் முட்டு, வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் ஒருவர். மரத்துக்கு ஈடு உண்டா என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: செப்டம்பர் 3, இரவு

சவுக்கு போதும். நான் இந்த முட்டு, பலகை வேலைக்கு வந்த காலத்தில் மார்த்தாண்டம் பக்கம் இரும்பு ஜாக்கியைப் பார்த்தவர்களே குறைவு. அத்தனை வார்ப்பும் சவுக்கிலும் கமுகிலும்தான் நின்றது. ரப்பரை மட்டும் முட்டுக்கு வைக்காதீர்கள்.

செப்டம்பர் 4

நேற்று எழுதியதைக் காலையில் டீயோடு உட்கார்ந்து படித்தேன். பாதி தப்பு.

நான் சொன்னது புது வார்ப்புக்கு. அங்கே முட்டு தாங்குவது பச்சைக் கான்கிரீட்டை. அது இறுகித் தன் காலில் நிற்கும்வரை பிடித்துக்கொண்டால் போதும். பழுதுவேலையில் கதை வேறு. 39 வருஷமாக மேலே சுமை ஏறி நிற்கிறது. நீங்கள் கீழே நின்று பீமின் வயிற்றைக் கிழிக்கப் போகிறீர்கள். பீமில் இழுவையைத் தாங்குவது அடிக்கம்பி. சுற்றியிருக்கும் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்ததும் கம்பிக்குப் பிடிமானம் போய்விடும். அந்த நேரத்தில் மேல்தளத்தை யார் பிடிப்பது?

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு வகை முட்டு. ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று பெட்டிக்கு, அதாவது மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவதற்காகக் கட்டுகிற பலகைப் பெட்டிக்கு. வீட்டு முட்டு, உளியைத் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும். கடைசியில்தான் போக வேண்டும். பெட்டி முட்டு நடுவில் வந்து நடுவில் போகும். இரண்டையும் ஒரே கம்பால் முடித்துவிடலாம் என்று பார்க்கிற இடத்தில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. நேற்று இரவு எனக்கு வந்த குழப்பமும் அதுதான்.

முட்டே கொடுக்காமல் ஒட்டினால் ஒட்டாதா என்று கேட்பீர்கள். ஒட்டும். ஆனால் பழைய சுமை முழுக்கப் பழைய கம்பியிலேயே இருக்கும். புது ஒட்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இனிமேல் ஏறுகிற சுமையில்தான் பங்கு போடும். சுமையை முதலில் முட்டுக்கு மாற்றிவிட்டு, ஒட்டு இறுகிய பிறகு மெல்ல இறக்கினால் அதுவும் சேர்ந்து சுமக்கும்.

செப்டம்பர் 5

“பீமுக்கு அடியில்தானே முட்டு?” என்கிறீர்கள். அங்கே நிறுத்தினால் எங்கே கொத்துவது, எங்கே பலகை போடுவது? பீமின் அடி காலியாக இருக்க வேண்டும். வீட்டு முட்டு பீமுக்கு இரண்டு பக்கமும், ஓரடி ஒன்றரை அடி தள்ளி, மேல்தளத்தின் அடியில் வரிசையாக நிற்க வேண்டும். முட்டின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே பீமுக்கு இணையாக ஒரு நீளச் சட்டம். நாலுக்கு மூன்று அங்குலம் இருந்தால் நல்லது. முட்டின் தலை தளத்தில் நேராகக் குத்தினால் அந்த ஓர் இடத்தில்தான் சுமை இறங்கும். சட்டம் அதைப் பரப்பிக் கொடுக்கும்.

தளத்தின் அடியும் பூசிப் பூசிச் சமமில்லாமல் இருக்கும். சட்டம் மூன்று இடத்தில் தொட்டு நடுவில் இடைவெளி விடும். அங்கெல்லாம் சிமென்ட் கலவையைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து திணியுங்கள். மரச்சீவலைச் செருகினால் சுமை ஏறும்போது அது நசுங்கிவிடும்.

ஆர்வக் கோளாறில் ஏற்றி இறுக்க வேண்டாம். இது முக்கியம். பீமின் நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்து, “கொஞ்சம் தூக்கிக் கொடு” என்று திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த பீமுக்குக் கம்பி அடியில்தான் அதிகம். மேலே இருப்பது ஸ்டிரப்பை (சுற்றி வரும் கம்பி வளையத்தை) கட்ட வைத்த இரண்டு கம்பி. நடுவில் தூக்கினால் இழுவை மேல்பக்கம் போய்விடும்; மொட்டை மாடியில் குறுக்கே விரிசல் ஓடும். பிறகு மழைத் தண்ணீருக்கு நாமே வழிவெட்டிக் கொடுத்த மாதிரி. முட்டு தளத்தைத் தொட்டு இறுகி நின்றால் போதும். சுத்தியலால் கம்பைத் தட்டினால் ‘டண்’ என்று வரும். ‘டொக்’ என்றால் இறுக்கம் போதவில்லை.

செப்டம்பர் 6

அளவு அனுப்பியதற்கு நன்றி. பீம் 4.5 மீட்டர் நீளம், 23 செ.மீ. அகலம், தளத்துக்குக் கீழே 30 செ.மீ. ஆழம். தளம் 12 செ.மீ. கனம். போர்ட்டிகோவின் பாதி அகலமும் வெளி நீட்டமும் சேர்ந்து 2 மீட்டர் அகலச் சுமை இந்த பீமுக்கு வரும்.

கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு 2500 கிலோ. ஒரு மீட்டர் நீளத்துக்கு: தளம் 600 கிலோ. மேலே போட்ட சுருக்கியும் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) பதித்த தட்டோடுமாக ஒரு 200. வேலை ஆட்கள், கொத்திப் போட்ட குப்பை என்று 300 வைத்துக்கொள்வோம். பீம் 170. மொத்தம் மீட்டருக்கு 1270 கிலோ. முழு நீளத்துக்கும் ஐந்தே முக்கால் டன். ஒரு கொம்பன் யானை நான்கு ஐந்து டன் இருக்கும். அது உங்கள் போர்ட்டிகோவின் மேல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசை, மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு ஐந்து என்று 10 முட்டு. உள்பக்க வரிசைக்குச் சுமை கூடும். எதற்கும் ஒரு முட்டுக்கு ஒரு டன் என்று கணக்குப் போடுங்கள்.

இப்போது சவுக்குக்கு வருவோம். 3 மீட்டர் நீளச் சவுக்கு, மெலிந்த முனையில் 10 செ.மீ. விட்டம், நேராக இருந்தால், மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்துப் பார்த்தாலும் ஒன்றேகால் டன் வரை தாங்கும். அதே நீளத்தில் 8 செ.மீ. கம்பு என்றால்? பார்வைக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் குறைவு. தாங்குவது அரை டன்தான். நீளக் கம்பு நசுங்கி உடைவதில்லை, வளைந்துதான் உடைகிறது. வளையாமல் நிற்கிற பலம் விட்டத்தின் நான்காம் மடிப்படி ஏறி இறங்கும். நீளத்துக்கு எதிராக இரண்டாம் மடிப்படி. நீளம் இரட்டித்தால் பலம் கால்வாசி.

நடுவில் குறுக்குக் கம்பு கட்டினால் கம்பின் நீளம் பாதியான மாதிரி. கணக்குப்படி நாலு மடங்கு பலம். ஆனால் பத்து முட்டையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டுச் சுவரில் எங்கேயும் பிடிக்காமல் விட்டால், பத்தும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் சாயும். குறுக்குக் கட்டு தூணிலோ சுவரிலோ முடிய வேண்டும். இரண்டு திசையிலும்.

உங்கள் படத்தில் கிடக்கிற சவுக்கை எண்ணினேன். பதினான்கில் ஐந்துதான் தேறும். மற்றது பந்தல் போடலாம்.

செப்டம்பர் 8

கீழே பின்னூட்டத்தில் இருவர் சண்டை போட்டிருக்கிறீர்கள், மரம் பெரிதா இரும்பு பெரிதா என்று. இணையத்தில் முட்டுக் கொடுக்க எத்தனை ஆள்! பீமுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஒருவரும் அகப்படுவதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மூத்தாசாரிக்கு இப்போது நடக்க முடியவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது, “ஊர்ல உள்ள பீமுக்கெல்லாம் முட்டு வச்சு வச்சு என் முட்டு ரெண்டும் போச்சு மக்கா” என்றார். எங்கள் பக்கம் முழங்காலுக்கும் முட்டுதான்.

செப்டம்பர் 11

மண்ணைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே சொல்கிறேன், என் வெட்கக்கேடும் அதில்தான் இருக்கிறது.

2019 ஐப்பசியில் குழித்துறைப் பக்கம் ஒரு வீடு. இதே மாதிரி பீம் வேலை. எட்டு முட்டும் நல்ல சவுக்கு, ஒவ்வொன்றையும் நானே தட்டிப் பார்த்து எடுத்தது. கீழே செம்மண் தரை. மண்வெட்டியால் குத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. முட்டுக்கு அடியில் ஆளுக்கொரு வெட்டுக்கல் துண்டை வைத்தோம். ராத்திரி மழை. காலையில் போனால் மூன்று முட்டு ஆடுகிறது. ஒன்றின் ஆப்பு கையோடு வந்தது. அந்த மூன்றும் நின்ற இடத்தில் முந்தின வருஷம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது. கால் அங்குலம், அரை அங்குலம் இறங்கியிருக்கும். பீமில் கொத்த ஆரம்பிக்கவில்லை, அதனால் தப்பித்தேன். கொத்தியிருந்தால் இதை எழுதுகிற கை எனக்கு இருந்திருக்குமா தெரியாது.

கணக்கை அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். 10 செ.மீ. கம்பின் அடிப்பரப்பு 78 சதுர செ.மீ. ஒரு டன் அதில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 13 கிலோ. நம் செம்மண் காய்ந்து கெட்டியாக இருந்தாலே ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் நம்பக் கூடாது. நனைந்தால் அதிலும் பாதி. 23 செ.மீ. அகலப் பலகையை 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டி அடியில் போட்டால் முக்கால் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். இரண்டு அங்குலக் கனமாவது வேண்டும். மெல்லிய பலகை நடுவில் வளையும், ஓரம் சுமக்காது. இரண்டு முட்டுக்கு ஒரே நீளப் பலகையாகப் போட்டால் இன்னும் நல்லது.

தென்னம்பலகை போடலாம். மரத்தின் வெளிப்பக்கத்தில் இருந்து அறுத்ததா என்று பாருங்கள், கறுத்த நார் நெருக்கமாக ஓடும். நடுச்சோற்றில் அறுத்தது வெளுத்துப் பஞ்சு மாதிரி இருக்கும்; முட்டு அதில் புதைந்துவிடும். கமுகுக்கும் இதே குணம்தான், உரம் எல்லாம் வெளித்தோட்டில்.

உங்கள் போர்ட்டிகோவுக்கு அடியில் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? குழாய் எங்கே போகிறது? அம்மாவிடம் கேளுங்கள். அம்மாக்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

செப்டம்பர் 12

‘ஐப்பசி’ என்று எழுதியதை ஒருவர் மலையாளக் கணக்கில் துலாம் என்று திருத்துகிறார். சரி ஐயா, துலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தாயிற்று, மாதம் இன்னும் சில வீடுகளில் அந்தப் பக்கம்தான். பலகை கட்டுகிற வேலையைத் தட்டடி என்றாலும் சென்ட்ரிங் என்றாலும் என் ஆட்களுக்குப் புரியும்.

செப்டம்பர் 18

ஓணத்துக்கு ஆட்கள் யாரும் வரவில்லை, அதனால் எழுத நேரம் கிடைத்தது. ரப்பர் மரத்துக்கு வருகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அந்த ஒரு நாளில் எங்கள் மாவட்டத்தில் எத்தனை ரப்பர் மரம் சாய்ந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் மரம். நானும் கெட்டிக்காரத்தனமாக ஒரு லோடு வாங்கிக் கம்பாகவும் சட்டமாகவும் அறுத்து அடுக்கினேன். ஒரு வாரத்தில் நீலம் பாரித்தது. பங்குனிக்குள் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் மாவு மாதிரி தூள். கையில் எடுத்துத் தட்டினால் உளுத்த பல்லின் சத்தம். ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து. மேசை நாற்காலி செய்கிறவர்கள் அறுத்த உடனே போரிக் மருந்தில் ஊற வைப்பது அதனால்தான்.

அதற்காக ரப்பரைத் தள்ளிவிடவும் மாட்டேன். புதிதாக அறுத்த ரப்பர்ச் சட்டம் பெட்டிக்கு அருமையாக உதவும். ஆணி ஏறும், பிளக்காது, கைரம்பத்தில் அறுபடும். பழைய வீட்டில் எதுவும் நேராக இராது. பீம் ஒரு முனையில் 23, மறு முனையில் 24.5. இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய? மரம் என்றால் அந்த இடத்துக்கே அளந்து சீவிப் பொருத்தலாம். அதனால் என் முடிவு: வீட்டு முட்டுக்கு ஜாக்கி, பெட்டிச் சட்டத்துக்கு ரப்பர், பெட்டி முட்டுக்கு உங்கள் சவுக்கு. செப்டம்பர் 3 இரவு எழுதியதை அழிக்காமல் விடுகிறேன். கிடக்கட்டும்.

ஏன் ஜாக்கி என்றால் பலத்துக்காக மட்டும் அல்ல. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், ஆப்பு இளகும். வீட்டு முட்டு மூன்று நான்கு வாரம் நிற்கப் போகிறது. ஜாக்கியைத் தினமும் காலையில் தட்டிப் பார்த்து, இளகியிருந்தால் மட்டும் ஒரு கால் திருகு கொடுத்தால் இறுக்கம் திரும்பிவிடும். வாடகை ஒரு ஜாக்கிக்கு நாளைக்கு ஒரு டீக்காசு கூட ஆகாது.

செப்டம்பர் 19

ஜாக்கி எடுக்கும்போது ஒன்று. உயரத்தை நிறுத்த ஓட்டையில் குறுக்கே செருகுகிற பின்னைப் பாருங்கள். அசல் பின் தொலைந்து, வெட்டிப் போட்ட 8 எம்.எம். கம்பித்துண்டைச் செருகிக் கொடுப்பார்கள். ஒரு டன்னும் அந்தத் துண்டில்தான் நிற்கும். வாங்காதீர்கள். குழாய் வளைந்ததும் வேண்டாம். தரையில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 22

பெட்டி.

மைக்ரோ கான்கிரீட் சாதாரணக் கான்கிரீட் மாதிரி குவிந்து நிற்காது. பாயசம் மாதிரி ஓடும். அதிர்வுக் கருவி விட முடியாத இடுக்கில் தானே போய் நிரம்ப வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆகவே ஓட்டை இருந்தால் அதிலும் தானே போகும். நாகர்கோவிலில் ஒரு வேலையில் பலகை இடுக்குக்குப் பேப்பரைச் செருகி ஊற்றினேன். ஊற்ற ஊற்றப் பெட்டி நிரம்பவே இல்லை. கீழே குனிந்தால் என் செருப்பு மூடிக் கிடக்கிறது. இரண்டு மூட்டை தரையில். அதைவிட மோசம், பாதி ஓடி நின்றதால் உள்ளே குழி. மறுநாள் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம்.

இப்போது செய்வது இப்படி. அடிப்பலகை 18 எம்.எம். சென்ட்ரிங் பிளைவுட். பக்கப்பலகை 12 எம்.எம். போதும். ஓரடிக்கு ஒரு ரப்பர்ச் சட்டம், இரண்டுக்கு மூன்று அளவில், மூன்று அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி. படுக்க வைத்தால் வளையாமல் நிற்கிற பலம் பாதிக்கும் கீழே. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற மூலையில், பழைய கான்கிரீட்டைத் தொடுகிற விளிம்பில், ஃபோம் பட்டையை ஒட்டி அதன் மேல் இறுக்க வேண்டும். வெளியே இருந்து சிமென்ட் பசை. ஊற்றும் முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்றால் மைக்ரோவும் நிற்கும். பார்த்த பிறகு அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும்.

பக்கப்பலகை ஒன்றின் மேல் விளிம்பில் சாய்வாக ஒரு வாய் வைக்க வேண்டும். மாட்டுத்தொட்டியின் முனை மாதிரி, நிரப்ப வேண்டிய மட்டத்துக்கு மேலே பத்து செ.மீ. உயரத்துக்கு. ஒரு பக்கம் மட்டும் ஊற்றுங்கள். எதிர்ப்பக்கம் மேல் விளிம்பில் சின்னத் துளைகள். அங்கே குமிழி விட்டு, பிறகு கலவை எட்டிப் பார்க்கும்; அப்போது துளையை அடைக்கலாம். இரண்டு ஆள் இரண்டு பக்கமும் நின்று ஊற்றினால் வேகம்தான். காற்று நடுவில் மாட்டிக்கொண்டு நல்ல கம்பியின் தலைக்கு மேலேயே வெற்றிடம் விழும். தட்டிப் பார்த்தால் பானைச் சத்தம்.

உங்களுடையது 7 செ.மீ. கனம் வந்தால் 72 லிட்டர். 25 கிலோ மூட்டை ஒன்றுக்குப் பன்னிரண்டரை லிட்டர் வரும். ஆறு மூட்டை, வாய்க்கும் சிந்தலுக்கும் ஒன்று. ஏழு. கனத்துக்கு ஏற்பச் சல்லி சேர்க்க வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீரைக் கொத்தனார் கண்ணளவில் ஊற்றாமல் நீங்கள் லிட்டர் பாட்டிலோடு பக்கத்தில் நில்லுங்கள். அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

செப்டம்பர் 23

நேற்று விட்டது: எண்ணெய். பலகைக்குக் கழிவு ஆயில் தடவுவது வழக்கம். பழுதுவேலையில் அது வினை. பலகையை ஏற்றிய பிறகு தடவினால் பழைய கான்கிரீட்டிலும் கம்பியிலும் பட்டு, புதுசு பழசைப் பிடிக்காது. கீழேயே தடவி, துணியால் துடைத்து, பிறகு ஏற்றுங்கள். அல்லது எண்ணெயே இல்லாமல் பிளைவுட்டின் வழுவழுப்புப் பக்கத்தை உள்ளே விடுங்கள்.

ரப்பர்ப் பலகையையே உள்பக்கம் விடலாமா என்று கேட்ட தம்பிக்கு: புதுப்பலகையில் இருந்து இறங்குகிற சர்க்கரைச் சத்து சிமென்ட்டின் மேல்தோலை இறுக விடாது. பிரித்தால் விரலில் மாவு ஒட்டும். ஏற்றும் முன் சிமென்ட் பால் ஒரு தடவை பூசிக் காயவிட்டுத் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். அதற்குப் பிளைவுட்டே வாங்கிவிடலாம்.

செப்டம்பர் 29

நேற்று, முதலில் கேள்வி கேட்டவர் வீட்டுக்கே போய்வந்தேன். மோட்டார்சைக்கிளில் அரை மணி நேரம். எழுதி எழுதிக் கை வலிப்பதைவிட இது மேல்.

ஜாக்கி பத்தும் நிற்கிறது, வரிசை நேர். ஜாக்கிகளுக்கு அடியில் மண்ணின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். செப்டிக் டேங்க் கொல்லைப்புறம், அம்மா சொன்னபடி. ஒரு ஜாக்கியின் அடித்தட்டு பலகையின் ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி நடுவில் வைக்கச் சொன்னேன்.

பீமைத் தட்டிப் பார்த்தேன். விழுந்த இடத்தைத் தாண்டி இரண்டடி தூரம் பொள்ளல் சத்தம். எதிர்பார்த்ததுதான். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளிக்கொண்டே வரும், வெளியே தெரிய நாளாகும். அன்றைய ஐ.எஸ். 456இல் (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை) பீமின் கம்பிக்கு 25 எம்.எம். கான்கிரீட் மறைப்பு கேட்டிருந்தது. இங்கே அளந்தால் சில இடத்தில் 10. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி வைக்கிற சின்னக் கட்டை) இல்லாமல் சல்லியை வைத்துக் கம்பியைத் தூக்கிவிட்ட காலம்.

கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவு கொத்த வேண்டும். முன்பக்கத்தை மட்டும் துடைத்து மூடினால் முதுகில் துரு தொடரும். மூன்று கம்பியில் ஒன்று தேய்ந்து ஈர்க்கு மாதிரி இருக்கிறது. பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். எத்தனை, எவ்வளவு நீளம் என்பதை ஓர் என்ஜினியரை அழைத்து முடிவு செய்யச் சொன்னேன். முட்டும் பெட்டியும் என் தொழில், கம்பிக் கணக்கு என் வேலை இல்லை.

அங்கே வந்த சின்ன ஆசாரி பெட்டி முட்டுக்கு ஒற்றை ஆப்பு அடித்திருந்தார். ஒற்றை ஆப்பில் கம்பின் அடி சாய்வாக உட்காரும், தட்டினால் வழுக்கும். இரண்டு ஆப்பு, எதிரெதிராக, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி. ஆறுக்கு ஒன்று என்ற சாய்வு. அயினி மரத்தில் செதுக்கினால் நல்லது. இறுக்கிய பிறகு ஓர் ஆணி, தலை வெளியே நிற்கும்படி; பிடுங்க வேண்டுமே.

அவருக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாரே, இத மூத்தாசாரி ஏற்கெனவே சொல்லியிருக்கார், ஆப்பு செதுக்க மரம் இல்லாம போச்சு” என்றார். எந்த மூத்தாசாரி என்று கேட்டால், என் மூத்தாசாரிதான்.

அக்டோபர் 6

குளச்சலில் இருந்து ஒருவர் சன்ஷேடு பற்றிக் கேட்கிறார். அதையும் பீம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். சன்ஷேடுக்குப் பிரதானக் கம்பி மேல்பக்கம். ஒரு முனைதான் பிடிப்பு. அந்தப் பிடிப்புக்குப் பக்கத்தில் மேலே நின்று கொத்தினால் ஆளோடு கீழே வரும். முதலில் நுனிக்கும் நடுவுக்கும் முட்டு. மேலே ஏறவே வேண்டாம், தனிச் சாரத்தில் நின்று கொத்துங்கள். பிரிக்கும்போது நுனியில் ஆரம்பித்துச் சுவரை நோக்கி வர வேண்டும். பீமுக்கு நேர்மாறு: நடுவில் ஆரம்பித்து இரண்டு முனைக்கும் போக வேண்டும்.

கடலோர வீட்டில் கட்டும்போதே உப்பு உள்ளே போயிருந்தால் ஓர் இடத்தை மட்டும் ஒட்டிப் பயன் குறைவு. ஒட்டிய ஓரத்துக்கு அடுத்த இடம் துருப்பிடிக்கும். சில வீட்டில் இடித்துப் புதிதாகப் போடுவதே லாபம்.

தூணுக்கு உறை போடப் போகிறேன் என்ற இன்னொருவருக்குச் சுருக்கமாக: இரண்டரை மீட்டர் ஒரே மூச்சில் ஊற்றினால் பக்கப்பலகையின் அடிப்பக்கத்தில் சதுர மீட்டருக்கு ஐந்தரை டன் தள்ளும். கீழ்ப்பாதியில் கிளாம்பை நெருக்கி வையுங்கள், அல்லது இரண்டு தடவையாக ஊற்றுங்கள்.

அக்டோபர் 13

ஊற்றியாயிற்று. நான் போக முடியவில்லை, போனில் படம் வந்தது. ஏழு மூட்டை வாங்கி ஆறேகால் செலவாயிற்றாம். ஒரு சொட்டு கீழே இல்லை என்று ஆசாரி தரையைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

முந்தின நாள் முழுக்க பீமை நனைத்து, ஊற்றுகிற நேரத்தில் மேல் ஈரம் துடைத்திருக்கிறார்கள். காய்ந்த பழைய கான்கிரீட் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

பிரிப்பது: பக்கப்பலகையை நாளை எடுக்கலாம். அடிப்பலகையும் சவுக்கு முட்டும் ஒரு வாரம் இருக்கட்டும், நனைத்த சாக்கை மேலே சுற்றி வையுங்கள். ஜாக்கியைத் தொடாதீர்கள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. மைக்ரோ சீக்கிரம் பலம் ஏறும் என்று மூட்டையில் எழுதியிருப்பது உண்மைதான், இருந்தாலும் நான் 14 நாளைக் குறைக்க மாட்டேன். தீபாவளிக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

அக்டோபர் 14

மேலே ஒரு திருத்தம். ஜாக்கியைத் தொடாதீர்கள் என்றால் இளக்காதீர்கள் என்று பொருள். காலையில் தட்டிப் பார்ப்பது நிற்கக் கூடாது. நேற்று ராத்திரி நல்ல மழை.

அக்டோபர் 29

இன்று பிரித்தோம். நானும் போயிருந்தேன். நடு ஜாக்கியைக் கால் திருகு, அடுத்ததைக் கால் திருகு என்று இரண்டு வரிசையிலும் மாறி மாறி, நாலு சுற்று. அவசரக்காரர் ஒருவர் சுத்தியலால் பின்னைத் தட்டிவிடப் பார்த்தார், வீட்டம்மாவே அதட்டிவிட்டார்கள். பீமின் அடியில் முன்பே நூல் கட்டி வைத்திருந்தோம். இறக்கி முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் நூலுக்கும் பீமுக்கும் இடைவெளி மாறவில்லை. மாடியில் ஏறிப் பார்த்தோம், விரிசல் இல்லை. தட்டினால் முழு நீளமும் ஒரே சத்தம், வடக்கு மூலையில் உள்ளங்கை அகலம் மட்டும் கொஞ்சம் பொள்ளல். துளை போட்டுச் சிமென்ட் பால் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜாக்கி பத்தும் வாடகைக்காரர் வண்டியில் ஏறிற்று. சவுக்கை என்ன செய்ய என்று கேட்டார்கள். பின்னால் நேந்திரன் வாழை குலை தள்ளிச் சாய்ந்து நிற்கிறது. ஐந்தையும் அங்கே கொண்டுபோய் முட்டுக் கொடுத்துவிட்டு, நாரங்காத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.